மறுபடி வளர வேண்டிய மையலின் ஏன் வளரவில்லை? (எம்.எஸ்., தங்கச்சிக்காகக் கேட்கிறேன்)

சிப்புட்_செல்வம்

வணக்கம். சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். என் தங்கச்சிக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், வயது 38. முதலில் வலது கண் மங்கியது. ஸ்டீராய்டு ஏற்றினார்கள், சில வாரத்தில் பார்வை ஏறக்குறைய முழுசாகத் திரும்பியது. அப்புறம் கை மரத்துப்போனது, அதுவும் சரியானது. கடைசியாக வந்தது காலில். இந்த முறை திரும்பவில்லை. தடி ஊன்றித்தான் நடக்கிறாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். நரம்பைச் சுற்றியிருக்கும் மையலின் உறை அழிகிறது, உடம்பு அதைக் கொஞ்சம் சரிசெய்துகொள்ளும், எல்லா நேரமும் முடியாது என்றார். அந்த "எல்லா நேரமும் முடியாது" என்ற இடத்திலேயே என் மனது நிற்கிறது. முதல் தடவை முடிந்த உடம்புக்கு இப்போது ஏன் முடியவில்லை?

இன்னொன்று. எங்கள் தாமானில் ஒருவர் "நரம்பு உறையை வளர்க்கும்" என்று ஒரு பொடி விற்கிறார். மாதத்துக்கு 400 ரிங்கிட். அம்மா வாங்கியே ஆக வேண்டும் என்கிறார். எனக்கு விஷயம் புரிந்த பிறகு முடிவெடுக்கலாம் என்று இருக்கிறேன்.

தாதி_ஈப்போ

தம்பி, மற்றவர்கள் பதில் சொல்வதற்கு முன்னால் ஒரு கேள்வி. அக்குவாபோரின்-4 எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை செய்தார்களா? நம் நாட்டில் எம்.எஸ். அரிது, ஒரு லட்சம் பேரில் இரண்டு மூன்று பேர் அளவில்தான். கண்ணையும் தண்டுவடத்தையும் தாக்கும் இன்னொரு நோய் உண்டு, என்.எம்.ஓ. என்பார்கள். ஆசியர்களிடம் அதை அதிகமாகப் பார்க்கிறோம். முன்பெல்லாம் அதையும் எம்.எஸ். கணக்கில்தான் சேர்த்தார்கள். 2004-க்குப் பிறகுதான் அந்த எதிர்ப்பொருளை வைத்துப் பிரித்துச் சொல்ல முடிந்தது.

பெயர் எதுவானால் என்ன என்று விட முடியாது. எம்.எஸ்.ஸுக்குக் கொடுக்கும் இன்டர்ஃபெரான், ஃபிங்கோலிமோட் மாதிரி சில மருந்துகள் என்.எம்.ஓ. உள்ளவர்களுக்கு நோயைக் கூட்டிவிடும்.

சிப்புட்_செல்வம்

செய்தார்கள் அக்கா, இல்லை என்று வந்தது. இதேபோன்ற இன்னொரு நோயைக் காட்டும் மோக் எதிர்ப்பொருளும் இல்லை. முதுகில் நீர் எடுத்துப் பார்த்தார்கள், எம்.ஆர்.ஐ.யும் பார்த்தார்கள். எம்.எஸ்.தான் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார்கள்.

தாதி_ஈப்போ

நல்லது. அப்படியென்றால் நிலா வந்து சொல்லட்டும், இது அவளுடைய துறை.

நிலா_லாபிஸ்

செல்வம் அண்ணா, நான் லாபிஸ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவள், இப்போது ஆய்வுக்கூடத்தில் மூளைச் செல்களோடு வேலை. நீங்கள் கேட்டது இரண்டு கேள்விகள். முதல் தடவை நடந்தது என்ன, இப்போது நடக்காதது என்ன.

கண் திரும்பியபோது மையலின் முழுசாக வளர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். எம்.எஸ்.ஸில் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே உறையைத் தாக்குகிறது, தாக்குதல் நடக்கும் இடம் வீங்கியிருக்கும். வீக்கம் வடிந்தாலே தடைபட்ட சிக்னல்களில் ஒரு பங்கு திரும்பிவிடும். உறை இழந்த ஆக்சான் (சிக்னலைக் கடத்தும் நரம்பு இழை), சோடியம் வாயில்களைத் தன் நீளம் முழுக்கப் பரப்பி, மெதுவாகவாவது சிக்னலைக் கடத்தப் பழகிக்கொள்ளும். மூளையும் மாற்றுப் பாதைகளைப் பிடிக்கும். இவற்றோடு கொஞ்சம் புது மையலினும் சேரும். தங்கச்சியின் கோப்பில் வி.இ.பி. என்ற கண் பரிசோதனை இருந்தால் எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு முன்னால் கறுப்பு வெள்ளைக் கட்டங்களை மாற்றி மாற்றிக் காட்டி, தலையின் பின்பக்கம் சிக்னல் வந்து சேரும் நேரத்தை அளப்பார்கள். சாதாரணமாக 100 மில்லிசெகண்ட் அளவில் வரும். பார்வை நன்றாகத் திரும்பியவர்களிடமும் பாதிக்கப்பட்ட கண்ணில் அது பல வருடம் தாமதமாகவே இருப்பதுண்டு. அதாவது பார்வை வந்துவிட்டது, உறை வரவில்லை, அல்லது மெல்லியதாக வந்தது. ஆக, உடம்பு முதல் தடவை ஜெயித்து இந்தத் தடவை தோற்றது என்று நினைக்காதீர்கள். முதல் தடவையும் பாதிதான் ஜெயித்தது, மீதியை வேறு வழியில் சமாளித்தது. அந்தச் சமாளிப்புக்கு இருக்கும் இடம் ஒவ்வொரு தாக்குதலிலும் குறைகிறது.

இனி இரண்டாவது கேள்வி. மூளையிலும் தண்டுவடத்திலும் மையலினைச் சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல். ஒரே செல் பல கைகளை நீட்டி, டஜன் கணக்கான இடங்களில் உறை போடும். ஒன்று செத்தால் பல ஆக்சான்களில் துண்டு துண்டாக உறை போகும். கை கால்களுக்குள் ஓடும் நரம்புகளில் ஷ்வான் செல் ஒன்றுக்கு ஒரு துண்டுதான் பொறுப்பு. அங்கே பழுது வேகமாகச் சரியாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூளையில் மையலின் திரும்ப வளரவே வளராது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 1961-இல் மேரி பங்கேயும் ரிச்சர்ட் பங்கேயும் பூனையின் தண்டுவடத்தில் அது வளர்வதைக் காட்டினார்கள். புதிதாக வரும் உறை பழையதைவிட மெல்லியது, குட்டையானது, ஆனாலும் வேலை செய்யும்.

அதை வளர்ப்பதற்கென்றே பெரியவர்களின் மூளையிலும் முன்னோடி செல்கள் இருக்கின்றன. மூளைச் செல்களில் சுமார் நூற்றுக்கு ஐந்து அவைதான். உறை அழிந்தால் இவை விழிக்க வேண்டும், பெருக வேண்டும், பழுதான இடத்துக்கு நகர வேண்டும், முதிர்ந்து ஒலிகோடென்ட்ரோசைட் ஆக வேண்டும், பிறகு ஆக்சானைச் சுற்ற வேண்டும். எம்.எஸ்.ஸில் பெரும்பாலும் மாட்டிக்கொள்வது முதிரும் கட்டத்தில்.

2002-இல் வந்த ஓர் ஆய்வு என் மனதை விட்டுப் போவதில்லை. பல வருடம் பழைய எம்.எஸ். புண்களை, இறந்தவர்களின் மூளையில் பார்த்தார்கள். அங்கே கைகளை நீட்டிக்கொண்டு, ஆக்சானைத் தொட்டுக்கொண்டு செல்கள் நின்றன. சுற்றவில்லை. ஆள் வந்து சேர்ந்துவிட்டது, வேலை முடியவில்லை.

பால்மரம்_பெருமாள்

நிலாம்மா, நான் சின்ன வயசிலிருந்து பால் வெட்டியவன், எனக்குத் தெரிந்ததை வைத்துக் கேட்கிறேன். கத்தி அளவோடு போனால் சில வருஷத்தில் புதுப் பட்டை ஏறும், அதே பக்கத்தில் மறுபடியும் வெட்டலாம். கத்தி ஆழமாகி மரத்தில் பட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாகத்தான் வரும். அப்புறம் அங்கே வெட்டவே முடியாது. செல்வம் தங்கச்சிக்கும் அப்படித்தானா? பல தடவை அடிபட்டு, வளர்க்கிற பகுதியே செத்துப்போச்சா?

நிலா_லாபிஸ்

பெருமாள் ஐயா, பாதி அப்படித்தான். மரத்தில் கத்தி பட்டால் பட்டையை வளர்க்கிற பகுதியே காயப்படுகிறது. எம்.எஸ்.ஸிலும் சில பழைய புண்களில் முன்னோடி செல்கள் அரிதாகிவிடும். ஆனால் நிறைய புண்களில் வளர்க்கிற செல் உயிரோடு அங்கேயே இருக்கிறது. அதை முதிர விடாத சூழல்தான் பிரச்சினை. இதனால்தான் விஞ்ஞானிகள் இன்னும் நம்பிக்கையோடு உழைக்கிறார்கள். இல்லாததை உண்டாக்குவதைவிட, நின்றுபோனதை நகர்த்துவது நடக்கக்கூடிய காரியம்.

எது நிறுத்துகிறது? ஒன்று மட்டும் என்றால் இதற்குள் மருந்து வந்திருக்கும்.

உடைந்த மையலினின் குப்பையே முதல் தடை. அது கிடக்கும்வரை முன்னோடி செல் முதிராது. கழிவு தின்னும் செல்களான மைக்ரோக்ளியாவும் மேக்ரோஃபேஜும் அதைத் தின்று துப்புரவாக்க வேண்டும். மையலினில் கொழுப்பு ஏராளம். வயதான செல்கள் தின்ற கொலஸ்ட்ராலை வெளியே அனுப்ப முடியாமல் திணறி, அது உள்ளேயே படிகமாகிப்போவதை 2018-இல் எலிகளில் காட்டினார்கள். துப்புரவு நின்றால் அழற்சி அடங்காது, பழுதுபார்ப்பும் தொடங்காது.

அடுத்தது தழும்பு. ஆஸ்ட்ரோசைட் என்ற மூளையின் துணைச் செல்கள் அந்த இடத்தை நிரப்பும்போது ஹயலூரோனன் என்ற பெரிய சர்க்கரை மூலக்கூறும், காண்ட்ராய்டின் சல்ஃபேட் சங்கிலிகள் கொண்ட புரதங்களும் குவிகின்றன. இவை முன்னோடி செல்லை அடக்கிவைக்கும். ரத்தத்திலிருந்து கசிந்த ஃபைப்ரின் என்ற ரத்த உறைவுப் புரதமும் அதையே செய்கிறது. வயதானால் மூளைத் திசுவே கொஞ்சம் விறைக்கிறது, அந்த விறைப்பை முன்னோடி செல் பியேசோ1 என்ற புரதத்தால் உணர்ந்து மந்தமாகிறது. இது 2019-இல் எலியில் தெரிந்தது. கிழட்டுச் செல்லை மிருதுவான பரப்பில் வளர்த்தபோது அது இளமையாக நடந்துகொண்டது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வுகளில் ஒன்று.

இதையெல்லாம்விடக் கடுமையானது ஆக்சான் அறுந்துபோவது. எம்.எஸ். புண்களில் ஆக்சான்கள் அறுந்து கிடப்பதை 1998-இல் தெளிவாகக் காட்டினார்கள். உறைக்குள் இருக்க வேண்டிய நரம்பே போய்விட்டால், எத்தனை நல்ல முன்னோடி செல் இருந்தாலும் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை. மையலின் வெறும் உறை மட்டுமல்ல ஐயா, அதைப் போட்ட செல் ஆக்சானுக்குச் சக்தியும் கொடுக்கிறது. உறை இல்லாமல் ரொம்ப நாள் நின்ற ஆக்சான் மெதுவாகச் சாகும். தங்கச்சியின் காலில் எவ்வளவு உறை போனது, எவ்வளவு நரம்பே போனது என்பதை வெளியிலிருந்து யாரும் துல்லியமாகச் சொல்ல முடியாது.

எல்லோருக்கும் ஒரே மாதிரியும் இல்லை. 2006-இல் 51 பேரின் மூளைகளைப் பார்த்த ஓர் ஆய்வில், ஐந்தில் ஒருவருக்குப் புண்களின் பெரும்பகுதியில் மையலின் திரும்பியிருந்தது. மற்றவர்களுக்குக் குறைவு. ஏன் அந்த ஐந்தில் ஒருவருக்கு மட்டும் என்பதுதான் பெரிய கேள்வி.

மணியம்_வாத்தியார்

அழகாகச் சொன்னாய் அம்மா. ஓர் ஐயம். மறுபடி உறை போடுவது எப்போதும் புதிதாகப் பிறந்த செல்தானா? உயிர் பிழைத்த பழைய செல் மறுபடி போடாதா?

நிலா_லாபிஸ்

வாத்தியார், இதில்தான் துறைக்குள்ளேயே வாதம் நடக்கிறது. எலியில் பெரும்பாலும் புதுச் செல்தான். மனிதரிடம் செல்லின் வயதைக் கண்டுபிடிக்க ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். 1950-களிலும் 60-களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 ஏறியது, பிறகு வருடா வருடம் குறைந்தது. செல் பிறந்த வருடத்து அளவு அதன் டி.என்.ஏ.வில் பதிந்திருக்கும். அதை வைத்து 2019-இல் எம்.எஸ். மூளைகளைப் பார்த்தார்கள். மறுபடி உறை வந்த இடங்களில் புதிதாகப் பிறந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் அநேகமாக இல்லை. பழையவைதான் மறுபடி உறை போட்டிருக்க வேண்டும் என்று முடிவு சொன்னார்கள்.

இது முழுக்க உறுதியானால் நாம் தேடும் மருந்தே மாறும். முன்னோடி செல்லைத் தட்டி எழுப்புவதோடு, தாக்குதலில் பிழைத்த பழைய செல்லைக் காப்பாற்றுவதும் அதே அளவு முக்கியம் என்றாகிவிடும். என் கருத்து கேட்டால், இரண்டும் வேண்டும்.

காஜாங்_கதிர்

எனக்கும் எம்.எஸ்.தான். செல்வம் அண்ணா, இதை வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள்: மத்தியான வெயிலில் கால் இன்னும் மோசமாகும், கண் மறுபடி மங்கும். முதன்முதலில் பசாரில் எனக்கு அப்படி ஆனபோது புது அட்டாக் என்று வீடே பதறிவிட்டது. உடம்பு சூடு ஏறினால் உறை போன நரம்பு சிக்னலை விட்டுவிடும், குளிர்ந்தால் திரும்பும். இதற்கு ஊட்டாஃப் என்று பெயர், 1890-லேயே கண்டுபிடித்தது. காய்ச்சல் வந்தாலும் இப்படி ஆகும். ஒரு நாளுக்கு மேல் நீடித்தால் மட்டும் டாக்டரிடம் போக வேண்டும். என் அம்மா சுடச்சுட எண்ணெய் தேய்த்து வெந்நீர் ஊற்றுவார், அன்று முழுக்க நடக்க முடியாது. இப்போது வெதுவெதுப்பான தண்ணீர்தான்.

நிலாவிடம் ஒரு கேள்வி. கிளெமாஸ்டின் என்ற அலர்ஜி மாத்திரை மையலினை வளர்க்கும் என்று படித்தேன். நாமே வாங்கிச் சாப்பிடலாமா?

நிலா_லாபிஸ்

வேண்டாம் கதிர். அந்த ஆய்வு உண்மையானதுதான். சான் ஃபிரான்சிஸ்கோவில் 50 பேரிடம் நடந்து 2017-இல் வெளிவந்தது. நான் மேலே சொன்ன கண் சிக்னலின் தாமதம் கண்ணுக்கு 1.7 மில்லிசெகண்ட் குறைந்தது. பழைய பாதிப்பையும் கொஞ்சம் சரிசெய்ய முடியும் என்று மனிதரிடம் காட்டியதால் அது முக்கியம். ஆனால் நோயாளிகள் தெளிவாக உணரும் அளவுக்கு மாற்றம் வரவில்லை, சோர்வு கூடியது.

தாதி_ஈப்போ

இதோடு இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் நிலா. அமெரிக்காவில் பின்னால் நடந்த இன்னொரு ஆய்வில், கிளெமாஸ்டின் எடுத்த சிலருக்கு ஊனம் வேகமாகக் கூடியது. அந்தப் பிரிவையே நிறுத்திவிட்டார்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் அலர்ஜி மாத்திரைதானே என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

நிலா_லாபிஸ்

ஆமாம் அக்கா. லிங்கோ-1 என்ற தடைப் புரதத்தைக் கட்டிப்போட ஒப்பிசினுமாப் என்ற மருந்து வந்தது. எலியில் அருமையாக வேலை செய்தது. மனிதரிடம் அடுத்தடுத்த சோதனைகளில் எதிர்பார்த்த பலன் இல்லாமல் 2020-இல் கைவிட்டார்கள். தடைகள் பல இருக்கும்போது ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. இளம் எலி வேறு, 50 வயது மனிதர் வேறு என்பதையும் மறக்கக் கூடாது.

மணியம்_வாத்தியார்

எனக்கு இனிப்புநீர், பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். அது கிழட்டு எலிக்கு மையலின் வளர்த்ததாக ஒரு செய்தி பார்த்தேன். உண்மையா?

நிலா_லாபிஸ்

உண்மை வாத்தியார். 2019-இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், வயதான எலிகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் பட்டினி போட்டாலோ மெட்ஃபார்மின் கொடுத்தாலோ முன்னோடி செல்கள் மறுபடி இளமையாக வேலை செய்வதைக் காட்டினார்கள். பிறகு மெட்ஃபார்மினையும் கிளெமாஸ்டினையும் சேர்த்து 70 பேரிடம் ஆறு மாதம் சோதித்தார்கள். கண் சிக்னலின் வேகத்தில் சின்ன நன்மை தெரிந்தது, நடையிலோ பார்வையிலோ உணரும்படி ஒன்றும் இல்லை. ஆறு மாதத்தில் தெரியுமா என்பதே ஒரு கேள்வி. எம்.எஸ். உள்ளவர்கள் இதற்காகப் பட்டினி கிடக்கவோ மெட்ஃபார்மின் கேட்கவோ இப்போதைக்குக் காரணம் இல்லை.

சிப்புட்_செல்வம்

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அம்மா ஒன்று கேட்கிறார்: "மையலின் கொழுப்புதானே, அப்போ நெய்யும் பாதாமும் நிறைய கொடுத்தால் வளராதா?" அந்தப் பொடியிலும் கொழுப்பும் பயோட்டின் என்ற வைட்டமினும் இருப்பதாக அட்டையில் போட்டிருக்கிறது.

நிலா_லாபிஸ்

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. மையலினின் உலர்ந்த எடையில் 70 சதவீதத்துக்கு மேல் கொழுப்புதான், அதில் கொலஸ்ட்ரால் முக்கியம். ஆனால் சாப்பாட்டில் வரும் கொலஸ்ட்ரால் ரத்தத்திலிருந்து மூளைக்குள் போகாது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே தயாரித்துக்கொள்ளும். பொருள் தட்டுப்பாட்டால் வேலை நிற்கவில்லை என்று அம்மாவிடம் சொல்லுங்கள். நெய் ருசிக்காகச் சாப்பிடலாம்.

பயோட்டினைப் பெரிய அளவில், நாளுக்கு 300 மில்லிகிராம் கொடுத்து, முற்றிய எம்.எஸ். உள்ள 642 பேரிடம் சோதித்தார்கள். 2020-இல் முடிவு வந்தது: சும்மா மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை. அதோடு பயோட்டின் சில ரத்தப் பரிசோதனைகளைக் குழப்பிவிடும், தைராய்டு அளவைத் தப்பாகக் காட்டும். பொடி வாங்காதீர்கள் அண்ணா. அந்த 400 ரிங்கிட் உடற்பயிற்சி சிகிச்சைக்குப் போகட்டும்.

பால்மரம்_பெருமாள்

என் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தபோது இப்படித்தான் ஒரு பொடி விற்றார்கள். நகையை அடகு வைத்து வாங்கினோம். ஒன்றும் ஆகவில்லை. நோயாளி வீட்டுக் கவலையைக் காசாக்குவது பாவம்.

சிப்புட்_செல்வம்

முடிவாகிவிட்டது, பொடி வேண்டாம். அம்மாவும் ஒத்துக்கொண்டார். ஒன்று மட்டும் பாக்கி. டாக்டர் வீரியமான மருந்துக்கு மாற்றலாம் என்கிறார். அது மையலினை வளர்க்காது என்றும் அவரே சொல்கிறார். தங்கச்சிக்குத் தயக்கம். வளர்க்காத மருந்து எதற்கு என்கிறாள்.

நிலா_லாபிஸ்

இதுவரை வந்த எல்லாவற்றிலும் நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதுதான். 1993-இல் முதல் மருந்து வந்ததிலிருந்து இன்றுவரை எம்.எஸ். நோயின் போக்கை மாற்ற அனுமதி பெற்ற மருந்துகள் எல்லாம் தாக்குதலை அடக்குபவை, உறையை வளர்ப்பது ஒன்றும் இல்லை. ஆனால் பழுதுபார்க்கும் செல் தோற்பதற்குப் பெரிய காரணம், அது வேலை செய்யும் இடத்தில் அழற்சி ஓயாமல் நடப்பது. அதைக் குறைத்தால் பிழைத்த செல்களும் ஆக்சான்களும் மிஞ்சும். நாளைக்கு உறை வளர்க்கும் மருந்து வந்தால் அதற்குச் சுற்ற ஆக்சான் வேண்டுமே! வயது ஏற ஏறப் பழுதுபார்க்கும் திறன் குறைவதால், 38 வயதில் தள்ளிப்போடாமல் இருப்பது நல்லது. எந்த மருந்து என்பதை அவளுடைய டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வயது விஷயத்தில் அவளுக்கு ஒரு செய்தி சொல்லுங்கள். 2012-இல் கிழட்டு எலியின் ரத்த ஓட்டத்தை இளம் எலியோடு இணைத்தபோது, கிழட்டு எலியின் மையலின் பழுதுபார்ப்பு தேறியது. இளம் எலியிலிருந்து வந்த செல்கள் குப்பையை அள்ளிக்கொடுத்தன, வேலையைச் செய்தது கிழட்டு எலியின் சொந்த முன்னோடி செல்கள். வயதால் வரும் மந்தம் மாற்ற முடியாததில்லை.

காஜாங்_கதிர்

அண்ணா, தங்கச்சி பேச விரும்பினால் என்னிடம் பேசச் சொல்லுங்கள். நானும் அதே மாதிரி தயங்கித்தான் மாறினேன். அதற்குப் பிறகு புது அட்டாக் வரவில்லை. பழைய மரப்பு அப்படியேதான் இருக்கிறது, ஆனால் காலையில் எழும்போது இன்றைக்கு எது போகுமோ என்ற பயம் குறைந்திருக்கிறது.

தாதி_ஈப்போ

தம்பி, மருந்து மாற்றுவதற்கு முன்னால் ஹெப்பட்டைட்டிஸ் பி, காசநோய் பரிசோதனைகள் எடுப்பார்கள், தடுப்பூசிகளும் போட வேண்டியிருக்கும். அந்தத் தேதிகளைத் தவறவிடாதீர்கள். பிள்ளை பெறும் எண்ணம் இருந்தால் அவள் இப்போதே டாக்டரிடம் சொல்லட்டும், மருந்துத் தேர்வே மாறும். நடைப் பயிற்சிக்குக் காலை நேரத்தைக் கேளுங்கள், வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பலாம். ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டைக்கு விண்ணப்பிக்க டாக்டரின் உறுதிக் கடிதம் வேண்டும், அடுத்த தடவை போகும்போது விண்ணப்பப் படிவத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பழைய எம்.ஆர்.ஐ. வேறு இடத்தில் எடுத்தது என்றால் அந்த சி.டி.யையும் எடுத்துப்போங்கள், புதுப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

சிப்புட்_செல்வம்

சி.டி. அலமாரியில்தான் இருக்கிறது அக்கா, எடுத்து வைத்துவிட்டேன். கதிர் தம்பி, தங்கச்சி இன்று சாயங்காலம் உங்களுக்குத் தனிச் செய்தி அனுப்புவாள்.